தொங்கும் செம்பருத்தியின் நீள்வெட்டு

பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும் வேல் படத்தை நான் அழிக்கப் பார்த்தேன் என்று நம் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மை இல்லை. கான்வென்டில் படித்தவள், சாமி நம்பிக்கை கிடையாது, அதனால்தான் ஈரத்துணியும் கையுமாகக் கிளம்பிவிட்டாள் என்று சேர்த்தும் சொல்கிறார்கள். அதுவும் உண்மை இல்லை. இன்னும் சிலர், நான் துடைத்ததால் வேலில் திருநீறு பூத்தது, நான் புண்ணியவதி என்கிறார்கள். மூன்றில் இதுதான் மோசம். பெங்களூரில் இருக்கும் என் மகன் காதுவரை போய், அவன் தொலைபேசியில் கூப்பிட்டு, "உனக்கு எதுக்கும்மா இந்த வயசுல இதெல்லாம்?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

ஆகவே முதலில் இதைச் சரி செய்துவிடுகிறேன். அங்கே இருப்பது பாடத்துக்காக நீ வரைந்த செம்பருத்தியின் நீள்வெட்டு, பூவை நெடுக்காகப் பிளந்த படம். நான் துடைத்தது கற்பூரக் கரியை. கரி போனதும் தெரிந்தது திருநீறு இல்லை. சூற்பைக்குள் நீ வரிசையாக வைத்த வெள்ளைப் புள்ளிகள், அதாவது சூல்கள்.

துடைத்த துணியை அன்றே துவைத்துப் போட்டேன். புடவையையும் இரண்டு முறை அலசியாயிற்று. ஆனாலும் முந்தானையில் அந்தக் கற்பூரக் கரி வாடை இருக்கிறது. இப்போது எழுதும்போதும் மூக்கில் ஏறுகிறது. இதை முகர்ந்து உன் நினைவு வருவது நியாயம் இல்லைதான். உன்னிடம் எப்போதும் வந்தது டர்பன்டைன் வாடை. கையை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் மதியச் சாப்பாட்டில் அது கலந்து வரும். அதைச் சொன்னால், "பெயிண்ட் தின்னாத டீச்சர் இன்னா டிராயிங் டீச்சர்?" என்பாய். நீ போய் இரண்டாவது ஆடி வந்துவிட்டது. எனக்கு மூட்டு வலி அதிகமாகிவிட்டது. திருத்தணி மலைப்படி ஏறுவதை விட்டுவிட்டேன். கீழே நின்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். எழுதத் தொடங்கினால் கையும் சீக்கிரம் ஓய்ந்துபோகிறது. ஆனாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். உனக்குச் சம்பந்தப்பட்ட விஷயத்தில் நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் உயிரியல் ஆய்வகம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. வெயில் காலத்தில் உள்ளே நின்றால் வேர்வை கண்ணில் இறங்கும். துணியில் ஒட்டிய படங்களை மாட்டி வைத்திருந்தேன், கரையான் தின்றது. புதிதாக வாங்கச் சொல்லி எழுதிப் போட்டால் பதில் வராது. ஒரு நாள் நீ எட்டிப் பார்த்துவிட்டு, "செவுத்துலயே வரைஞ்சிட்டா கரையான் இன்னாக்கா பண்ணும்?" என்றாய். எனக்கும் அது சரி என்று பட்டது.

பாடநூலில் இருந்த படத்தை உன்னிடம் கொடுத்தேன். அதில் பூ நிமிர்ந்து நிற்கும். காம்பு கீழே. அதன் மேல் பூத்தளம். பிறகு புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள்கள், நடுவில் சூலகம், எல்லாவற்றுக்கும் உச்சியில் சூல்முடி. நான் படித்த கான்வென்டில் பூவை அப்படித்தான் வரைவோம். பென்சிலைக் கூராகச் சீவ வேண்டும். ஒரு கோட்டை இரண்டு தரம் இழுக்கக் கூடாது. பாகங்களின் பெயர்களை வலப் பக்கத்தில் ஒரே நேராக எழுத வேண்டும். ஒரு பெயர் சாய்ந்திருந்தாலும் சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் நோட்டை மூடித் தள்ளிவிடுவார். அந்த மூடும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் எனக்கு நிமிர்ந்த பூதான் பூ.

நீ படத்தைப் பார்த்தாய். அறையை விட்டுப் போய் வேலியோரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாய்.

"அக்கா, இந்தப் படம் தப்பு."

"பாடநூல்ல இருக்கிற படம்மா அது."

"இருக்கட்டும். நம்ம பூ நிக்கலையே. தொங்கிக்கினு இல்ல கீது."

நீ சொன்னது வாஸ்தவம்தான். நம் பள்ளி வேலியில் இருந்த செம்பருத்திக்குக் காம்பு நீளம். பூ விரிந்ததும் எடை தாங்காமல் வளைந்து தலைகீழாகத் தொங்கும். எல்லாப் பூவையும் நிமிர்த்தி வரைவது ஒரு முறை, அப்போதுதான் பாகங்களை ஒப்பிட முடியும் என்று விளக்கினேன். நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டாய்.

"நிமித்தறதுக்கு அது இன்னா பிரேயர்ல நிக்கிற பொண்ணாக்கா?" என்றாய்.

அரைப் பரீட்சை விடுமுறை முழுவதும் வரைந்தாய். பள்ளி திறந்த அன்று வந்து பார்த்தால், பூ தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம். எங்காவது ஒரு தவறு கிடைத்தால் முழுவதையும் மாற்றச் சொல்லலாம் என்று, வேலியிலிருந்து ஒரு பூவைப் பறித்து வந்து பிளேடால் நெடுக்காக வெட்டி, சுவருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். காம்பு மேலே. புல்லி வட்டத்துக்கு வெளியே சின்னச் சின்னதாகப் புறப்புல்லிகள். பலர் விட்டுவிடும் இடம் அது, நீ விடவில்லை. இதழ்கள் ஒன்றின் ஓரம் அடுத்ததை மூடித் திருகிய விதமும் சரி. மகரந்தத்தாள்கள் எல்லாம் சேர்ந்து ஒரே குழலாகி, அந்தக் குழலுக்குள் சூல்தண்டு கீழே இறங்கி, அடியில் ஐந்து சிவப்பு உருண்டைகளாகப் பிரிந்து முடிகிறது. மேலே பூத்தளத்தை ஒட்டிச் சூற்பை. அதற்குள் சூல்கள். பெயர்கள் வலப் பக்கத்தில் ஒரே நேராக இருந்தன. அந்த ஒன்றில் மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தாய்.

தவறு கிடைக்கவில்லை. சரி என்று சொல்ல மனம் வராமல், இதழ்களுக்கு மட்டும் ஏன் நீரில் கரையும் டிஸ்டெம்பர், சூலகத்துக்கு ஏன் எனாமல் என்று கேட்டேன். "புள்ளைங்க கைய வெச்சிக் காட்றது அதத்தானே. அது அழியக் கூடாது" என்றாய்.

அதன் பிறகு எத்தனை வருஷம் எனக்குத் தொல்லை கொடுத்தது அந்தப் படம்! பெண்கள் நோட்டைத் தலைகீழாகப் பிடித்து வரைந்தார்கள். சிலர் பெஞ்சிலேயே தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள். சுவரைப் பார்த்துப் படியுங்கள், பரீட்சையில் நிமிர்த்தி வரையுங்கள் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் நம் பெண்கள் செம்பருத்தியை மட்டும் மறக்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து, "டீச்சர், புல்லி வட்டம் அல்லி வட்டம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். முகம் எனக்கு நினைவிருப்பதில்லை.

நீ இந்தப் பாடம் படித்தவள் இல்லை. ஆனால் என் வகுப்பு நடக்கும்போது கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்வாய். உன் வீட்டார் பள்ளிப்பட்டில் நெசவு செய்கிறவர்கள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். மலர் வரைபடத்தை நான் கரும்பலகையில் போட்டால், வட்டத்துக்குள் வட்டமாக அது வளர்வதைப் பார்த்து, "மார்கழிக்கு வாசல்ல போடலாம்க்கா" என்பாய். மலர்ச் சூத்திரம் உனக்குப் பிடிக்காது. பூவைப் போய் எண்ணில் எழுதுவதா என்பாய். மகரந்தச் சேர்க்கை நடந்ததும் இதழ்கள் வாடி விழும் என்று நான் சொன்ன அன்று, பின் பெஞ்சிலிருந்து உன் குரல் வந்தது. "வாடறதுன்னு சொல்லாதீங்கக்கா. வேல முடிஞ்சுதுன்னு கடைய கட்டிக்கினு போவுது." வகுப்பே சிரித்தது. நானும் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாம் ஓய்வு பெற்ற பிறகு சாலையை அகலப்படுத்தினார்கள். ஆய்வகத்தை இடித்தார்கள். ஒரு பக்கச் சுவரை மட்டும் இடிக்காமல் சுற்றுச்சுவராக வைத்துக்கொண்டார்கள். அது உன் சுவர். உள்ளே இருந்த பக்கம் தெருவுக்கு வந்துவிட்டது. கூரை போனதும் வெயிலும் மழையும் நேராக விழுந்தன. பெயர்கள் முதலில் கரைந்தன. பிறகு சிவப்பு வெளுத்து இதழ்கள் போயின. எனாமலில் இருந்த சூலகமும் அதைச் சுற்றிய மகரந்தத்தாள்களும் மட்டும் நின்றன. மேலே கூம்பி நடுவில் அகன்று கீழே ஒடுங்கும் பச்சை மஞ்சள் இலை வடிவம். அதிலிருந்து நேராக இறங்கும் நீளத் தண்டு. தண்டைச் சுற்றி மஞ்சள் புள்ளிகள், பூச்சரம் சுற்றியதுபோல. அடியில் குங்குமச் சிவப்பு. திருத்தணியில், மலைக்குப் போகும் பாதையில், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வருகிறவன் கண்ணுக்கு அது வேறு என்னவாகத் தெரியும்?

இதழ்கள் வெளுத்துப்போன அந்த வருஷம் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம், பூக்காவடிகளை இறக்கிவிட்டு சுவருக்கு வெளியே தெருவோரத்தில் இருக்கும் புங்கமரத்து நிழலில் ஒதுங்கியிருக்கிறது. கால் சுட்டவர்கள். அவர்களில் யாரோ நிமிர்ந்து பார்த்து அரோகரா சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் நாம் இரண்டு பேரும் பென்ஷன் வேலையாகத் தாலுகா ஆபீசுக்குப் போய்த் திரும்பும்போது, சூற்பையின் மேல் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. கீழே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

நீதான் முதலில் பார்த்தாய். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாய். "அக்கா, உங்க சூலகத்துக்குத் தீபாராதன காட்டிக்கினு கீறாங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிப்பிக்கும் படத்தில் குங்குமமா என்று எரிச்சலாக இருந்தது. அப்போது அங்கே பூ விற்கிறவள் குங்குமத் தட்டை உன் பக்கம் நீட்டினாள். நீ ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாய். சுவரைப் பார்த்து நின்றாய். சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாய்.

நான் வேறு பக்கம் பார்த்தேன். உன் சாமி உன் விஷயம். எதற்கு மூடினாய் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் போனார். அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்தவரை நாள் தவறாமல் மின்சார ரயிலில் போய் வந்தவர், ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்காரப் பழகவே இல்லை. பத்தாம் நாள் சொந்தக்காரப் பெண்கள் ஒரு கூடைப் பூவும் வளையலும் கொண்டுவந்தார்கள். கடைசியாக ஒரு முறை வைத்து எடுப்பதற்கு. எனக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். என் சொல்லை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நீ எழுந்து போய் வாசலை அடைத்து நின்று, தெலுங்கில் இரண்டே வாக்கியம் சொன்னாய். அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள். என்ன சொன்னாய் என்று பலமுறை கேட்டேன். "நல்ல வார்த்த இல்லக்கா, உடுங்க" என்றாய்.

மறுநாள் காலை எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒரு செம்பருத்தியைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாய். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"வெச்சிக்கறதுக்கு இல்லக்கா. பாக்கறதுக்கு."

நீ பள்ளிப்பட்டுக்குப் போகும்வரை காலை தோறும் அது வந்தது. செம்பருத்தி ஒரு நாள் பூ. மாலையில் சுருண்டுவிடும். மறுநாள் வேறு ஒன்று. உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, உன் தம்பி மகன் காரில் வந்து அழைத்துப் போன அன்று, டம்ளரைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தேன். வேறு யாரும் கொண்டுவரவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு வாங்கும் வழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும்.

செய்தி வந்து பஸ் பிடித்து வந்தேன். உன் மேல் முகம் மட்டும் தெரியும்படி மாலையாகக் குவித்திருந்தார்கள். சாமந்தி, ரோஜா, சம்பங்கி. பக்கத்தில் இருந்த அம்மாள், எத்தனை பூ பாருங்கள் என்றாள். ஒரு சாமந்தி என்பது ஒரு பூ இல்லை, நீங்கள் இதழ் என்று நினைக்கும் ஒவ்வொன்றும் ஒரு முழுப் பூ, ஒரு காம்பின் மேல் ஓர் ஊரே இருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தேன். நீ இருந்தால் பின்னாலிருந்து ஏதாவது சொல்லியிருப்பாய். நீ பேசாமல் படுத்திருந்தாய். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

சுவருக்குப் பக்கத்தில் தேங்காய் கற்பூரக் கடை வைத்திருக்கும் முனிரத்தினத்தை உனக்குத் தெரியும். இப்போது அவர்தான் தெரு விழாக் குழுவுக்குத் தலைவர். இந்த ஆடிக்குள் அந்த இடத்தில் டைல்ஸ் பதித்து, பித்தளை வேல் ஒன்றை நிறுத்தி, கம்பிக் கதவு போட வேண்டும் என்று கிளம்பிவிட்டார். பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமை ஆசிரியைக்குப் பயம். பள்ளிச் சுவரில் கோயில் கட்டினால் மேலிடத்தில் யார் பதில் சொல்வது? சுவர் முழுவதும் வெள்ளையடித்துவிட்டால் பிரச்சினை தீரும் என்பது அவருடைய எண்ணம். இருவரும் கெட்டவர்கள் இல்லை. இருவரும் தனித்தனியே என் வீட்டுக்கு வந்தார்கள், வரையும் காலத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான் பாக்கி என்று.

தலைமை ஆசிரியை, இது வெறும் பாடப் படம் என்று எழுதிக் கொடுங்கள் மேடம், வேல் படத்தை அழித்தேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது, நான் வெள்ளையடித்துவிடுகிறேன் என்றார். முனிரத்தினம், இது வேல்தான் என்று ஒரு வரி எழுதுங்கள், யாரும் கைவைக்க முடியாது, நாங்கள் டைல்ஸ் ஒட்டிவிடுகிறோம் என்றார். காபி கொடுத்து இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். எப்படிக் கையெழுத்துப் போட்டாலும் உன் பூ போய்விடும். ஒருவர் சுண்ணாம்புக்குக் கீழே போட்டு மூடுவார், ஒருவர் சிமெண்டுக்குக் கீழே. நீ வரைந்ததில் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். பள்ளி நாடகத் திரைகள் கிழிந்துபோயின. உன் வீட்டில் இருந்தவற்றை உன் தம்பி மகன் எடைக்குப் போட்டுவிட்டான்.

முதலில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றுதான், கூட்டம் இல்லாத நேரத்தில் ஈரத்துணியும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் எடுத்துக்கொண்டு போனேன். கரி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைக்கத் துடைக்க, பச்சை வந்தது, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. மூட்டு வலியை மறந்துவிட்டேன். அப்போது பின்னாலிருந்து முனிரத்தினம்.

"ஏன் டீச்சரம்மா, இன்னா பண்ணிக்கினு கீறீங்க? சாமிய துடைக்கிறீங்களா?"

"கரியைத் துடைக்கிறேன்."

"கரின்னா? அது நாங்க ஏத்தன கற்பூரம்மா."

"அதனாலதான் கரி."

அவர் கிட்டே வந்தார். கோபமாகத்தான் வந்தார். சுவரைப் பார்த்ததும் கை தானாகக் குவிந்துவிட்டது. "இது இன்னாம்மா வெள்ள வெள்ளையா? துண்ணூறா?"

"சூல்கள், முனிரத்தினம். விதை ஆகப் போறது."

"வேலுக்குள்ள வெதையா?" என்று அவர் கேட்டது கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். யார் எதைக் கேட்டார்கள், எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் மூன்று கதைகள் ஆகிவிட்டன.

இதை முடிவு செய்வதற்காக வெள்ளிக்கிழமை காலை சுவருக்கு முன்னால் எல்லோரும் கூடினோம். முதலில் பூசை. தட்டு ஒவ்வொரு பெண்ணிடமும் போயிற்று. என்னிடம் வந்தபோது, தூக்கி வந்த பெண் சங்கடப்பட்டு, திருநீற்றை மட்டும் என் பக்கம் தள்ளி, குங்குமத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நல்ல பெண்தான். என்னிடம் படித்தவளாகக்கூட இருக்கலாம். நான் நேராக நின்றேன். உள்ளே அயர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். வாசலை அடைத்து நிற்க நீ இல்லை.

பிறகு அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் முனிரத்தினத்தைக் கேட்டேன்: "நீங்க சொல்றபடி இது வேல்னே வெச்சுக்குவோம். தானா வந்த வேல் மேல டிரில் மெஷினை வெச்சுத் துளை போடலாமா?" கூட்டத்தில் யாரோ, "ஆங், அது தப்பு இல்ல?" என்றார்கள். தலைமை ஆசிரியை பக்கம் திரும்பினேன். "நீங்க சொல்றபடி இது பாடம்னே வெச்சுக்குவோம். பள்ளிக்கூடமே பாடத்து மேல சுண்ணாம்பு அடிக்கலாமா?" அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசினார்கள். பித்தளை வேல் புங்கமரத்தடியில் தனியாக மேடை கட்டி நிற்கும் என்று முடிவாயிற்று. அது பள்ளி நிலம் இல்லை. சுவரின் மற்ற பகுதிகளுக்கு வெள்ளையடிப்பார்கள், உன் சதுரத்தை விட்டுவிடுவார்கள். கற்பூரம் மேடைக்கு முன்னால்தான். "செரிம்மா, எட்டவே கொளுத்தறோம்" என்று முனிரத்தினம் ஒப்புக்கொண்டார். ஆனால் பூ வைக்க வருகிறவர்களைத் தடுக்க முடியாது என்றார். பூவுக்குப் பூ வைப்பதை நான் ஏன் தடுக்கப் போகிறேன்?

இருந்தும் எழுத்தில் வேண்டும் என்றார்கள். எழுதினேன். "இது தொங்கும் செம்பருத்தியின் நீள்வெட்டு. நான் கேட்டு, என் ஆய்வகத்தில் வரையப்பட்டது. வரைந்தவர் மனதில் வேறு எது இருந்தது என்று எனக்குத் தெரியாது." முதல் இரண்டு வரிகளைப் படித்துத் தலைமை ஆசிரியை திருப்தியானார். மூன்றாவது வரியை முனிரத்தினம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுத் தலையை ஆட்டினார். கீழே என் பெயரைப் போட்டேன்.

இந்த ஆடி இப்படிப் போகும். அடுத்த தலைமை ஆசிரியை என்ன செய்வார், முனிரத்தினத்துக்குப் பின் வருகிறவர் என்ன செய்வார், தெரியாது. கரி மறுபடி படிந்தால் துடைக்க எனக்குக் கை இருக்குமா என்பதும் தெரியாது. எல்லாவற்றையும் காப்பாற்றிக்கொண்டே இருக்க முடியாது. களைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் என்னிடம் நிற்கிறது. எந்தப் பூவைப் பார்த்தாலும் இப்போதெல்லாம் பறிப்பதற்கு முன் நின்று பார்க்கிறேன். நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா என்று. ஊமத்தை எப்படி நிற்கிறது, கத்தரிப் பூ எப்படித் தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது என்று. கான்வென்ட் எனக்குக் கோடு போடக் கற்றுக் கொடுத்தது. கோடு போடுவதற்கு முன் பூவை அதன் போக்கில் விட்டுப் பார்க்கிற பழக்கம் உன்னுடையது. அது என்னோடு இருக்கிறது, நான் இருக்கும் வரை இருக்கும்.

மூன்றாவது வரிதான் என்னை உறுத்துகிறது. தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எனக்குப் பழக்கம் இல்லாத காரியம். விடுமுறையில் தனியாக ஏணியில் நின்று அந்தப் பூவைத் தலைகீழாக வரைந்தபோது, நீ வேலியில் இருந்த செம்பருத்தியை மட்டும்தான் பார்த்தாயா? இல்லை, அன்றே உனக்கு மலையும் தெரிந்ததா? எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். ஒரு பாகமும் தவறாக இல்லை. ஆனால் எனக்குத் தெரிய வேண்டும்.

பள்ளிப்பட்டுக்குப் போன பிறகு எதைக் கேட்டாலும் நீ தபால் கார்டில் ஒரு படத்தைப் போட்டு அனுப்பிவிடுவாய், நான் அதை வைத்துக்கொண்டு என்ன சொல்கிறாய் என்று நாள் கணக்கில் யோசிக்க வேண்டியிருக்கும். இந்த முறை படம் வேண்டாம். என் விலாசம் மாறவில்லை. எழுத்தில் பதில் போடு.